சொல்லிவிட்டு வருகிற ஆடிட்டர்

பி.காம். படிக்கிறவனுக்கும் தடயவியல் ஆய்வகத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரத்தம், எலும்பு, துப்பாக்கி பற்றியெல்லாம் எனக்கு சினிமா அளவுக்குத்தான் தெரியும். ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். கல்லாவை எண்ணப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. "வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் கேஷ் பேலன்ஸைச் சரிபார்க்க வருகிறேன்" என்று கேஷியருக்குக் கடிதம் போட்டுவிட்டுப் போனால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கல்லா சரியாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை எப்படி இருந்தது என்று மட்டும் கடைசிவரை தெரியாது.

இந்த எளிய விஷயம், ஒருவரைத் தூக்குக்கு அனுப்பக்கூடிய அறிக்கைகளை எழுதித் தருகிற இடங்களுக்குப் பல வருடங்களாகப் புரியவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் புலம்பல்.

அமெரிக்காவில் தடயவியல் ஆய்வகங்கள் தங்கள் ஆட்களின் திறமையை எப்படிச் சோதிக்கின்றன தெரியுமா? வெளியிலிருந்து ஒரு நிறுவனம் தேர்வுப் பொட்டலம் அனுப்பும். அதைப் பார்த்தாலே தேர்வு என்று தெரிந்துவிடும். அதில் இருக்கும் கைரேகையையோ ரத்தத்தையோ சோதித்து விடை எழுதி அனுப்ப வேண்டும். இது பரீட்சை என்று தெரிந்த யாரும் அன்றைக்குக் கவனக்குறைவாக இருப்பார்களா? சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்க மாட்டார்களா? நாமே செமஸ்டருக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் திறக்கிறோம். எல்லாரும் பாஸ், ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம், வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். "எங்கள் தரத்துக்கு இதோ ஆதாரம்" என்று கோர்ட்டில் நீட்டிவிடலாம்.

அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவிலேயே அதிகமான மரண தண்டனைகளுக்குக் காரணமான ஹாரிஸ் கவுண்டி அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்ப் போலீசின் ஆய்வகம் சொல்வது சரியா தப்பா என்பது சிலருக்கு உயிர் விஷயம்.

2002 நவம்பரில் ஒரு உள்ளூர் டி.வி. சானல் அந்த ஆய்வகத்தின் டி.என்.ஏ. அறிக்கைகளைச் சில நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னது. படித்தவர்கள் ஆடிப்போனார்கள். அடுத்து மாநில அரசின் தணிக்கை வந்தது. வருடம் முடிவதற்குள் டி.என்.ஏ. பிரிவை இழுத்து மூடினார்கள். போதிய மேற்பார்வை இல்லை, பயிற்சி இல்லை, பணம் இல்லை. இதில் கூரை வேறு ஒழுகி, சாட்சியப் பொருள்கள் இருந்த இடத்தில் மழைத் தண்ணீர். அந்த நாளில் அந்த ஆய்வகத்துக்கு எந்த அங்கீகாரமும் கிடையாது.

ஜோசையா சட்டன் என்று ஒரு பையன். 1998-இல் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் பிடித்தபோது வயது 16. பாதிக்கப்பட்ட பெண் சில நாள் கழித்துத் தெருவில் அவனைப் பார்த்து அடையாளம் சொன்னார். ஆய்வகம் டி.என்.ஏ. பொருந்துகிறது என்றது. ஜூரிக்கு வேறென்ன வேண்டும்? 25 வருடம் சிறை. 2003-இல் வேறு இடத்தில் மறுபடி சோதித்தபோது அது அவனுடையது இல்லவே இல்லை என்று தெரிந்தது. நாலரை வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தான். உண்மையான ஆள் டி.என்.ஏ. தரவுத்தளம் மூலமாக 2006-இல்தான் அகப்பட்டான். ஆக ஒரு தப்பான அறிக்கை இரண்டு வேலை செய்திருக்கிறது. குற்றம் செய்யாதவனை உள்ளே வைத்தது, செய்தவனைப் பற்றிய தேடலை நிறுத்தியது. ஒரே எண்ட்ரியில் டெபிட்டும் கிரெடிட்டும்!

அப்புறம் மைக்கேல் பிராம்விச் என்பவர் தலைமையில் சுயேச்சையான விசாரணை. ஏறக்குறைய 3,500 கேஸ்களைப் புரட்டிப் பார்த்து 2007-இல் இறுதி அறிக்கை கொடுத்தார்கள். போதைப்பொருள் பிரிவில் சோதனையே செய்யாமல் முடிவு எழுதிய சம்பவங்களும் அதில் இருந்தன. விசாரணைக்கு மட்டும் நகரம் செலவழித்தது 50 லட்சம் டாலருக்கு மேல்.

இதுவரை கதை எல்லோருக்கும் பிடித்த மாதிரிதான் இருக்கிறது. கெட்ட ஆய்வகம், அங்கீகாரம் இல்லாத ஆய்வகம், பணம் இல்லாத ஆய்வகம். பணம் கொடு, அங்கீகாரம் வாங்கு, சரியாகிவிடும்... அப்படித்தானே?

அப்படித்தான் செய்தார்கள். 2005-இல் ஆய்வகத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. டி.என்.ஏ. பிரிவை 2006-இல் மறுபடி திறந்தார்கள். 2008 ஜனவரியில் மறுபடி மூடினார்கள்! காரணம் என்ன தெரியுமா? பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு வைத்த தேர்வில் அவர்களுக்கு உதவி செய்ததாக விசாரணை. பிரிவின் தலைவர் ராஜினாமா. தரத்தை நிரூபிக்க வைத்த தேர்விலேயே கோல்மால். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. சொல்லிவிட்டு வைக்கிற தேர்வு என்றால் அதைப் பாஸ் பண்ணுவதே ஒரு வேலையாகிவிடும். அசல் வேலை வேறு, பாஸ் பண்ணுகிற வேலை வேறு.

நிற்க. இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்களுக்குத் தரத்தைப் பற்றிக் கவலை கிடையாது, வேகம்தான். "பேக்லாக், பேக்லாக்" என்பார்கள். ஹூஸ்டனில் பாலியல் வன்முறை வழக்குகளின் சோதனைப் பெட்டிகள் ஏறக்குறைய 6,600 பிரிக்கப்படாமலே அடுக்கிக் கிடந்தன. சில பெட்டிகள் பல பத்தாண்டு பழசு. 2013-இல் அவற்றைத் தனியார் ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 2015-இல் முடிவு வந்தபோது சுமார் 850 இடங்களில் தேசியத் தரவுத்தளத்தோடு பொருத்தம் கிடைத்தது. அத்தனை வருடம் பதில் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. இது கொடுமை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் வேகத்தை மட்டும் அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பாஸ்டன் நகரத்தில் இருந்த மாநில அரசின் ஆய்வகம் சாட்சி. அன்னி டூக்கான் என்ற வேதியியல் நிபுணர் அங்கே போதைப்பொருள் மாதிரிகளைச் சோதித்து வந்தார். கூட வேலை செய்தவர்களைப் போலப் பல மடங்கு மாதிரிகளை முடித்துத் தள்ளினார். மேலதிகாரிகளுக்கு அவர்தான் செல்லப்பிள்ளை. எப்படி இவ்வளவு முடிகிறது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம், மேலே இருந்தவர்களுக்கு சந்தோஷம். கடைசியில் பார்த்தால் பல மாதிரிகளைச் சோதிக்கவே இல்லை, கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். 2012-இல் ஆய்வகத்தை மூடினார்கள். 2013-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி. ஒரே ஒரு ஊழியர்!

சேல்ஸ் டார்கெட் வைத்தால் மார்ச் 31-ஆம் தேதி போலி பில் வரும் என்பது எந்தக் கம்பெனிக்கும் தெரியும். ஆய்வகத்தில் மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று டார்கெட் வைத்துவிட்டு, முடித்த கேஸ் உண்மையிலேயே முடிந்ததா என்று பார்க்க ஆள் வைக்காதவன் எந்த நிர்வாகப் பாடம் படித்தான்? அந்த ஆய்வகத்துக்குள், உள்ளே என்ன இருக்கிறதென்று முன்பே தெரிந்த பத்துப் பொட்டலங்கள், வெறும் மாவு நிரப்பிய பொட்டலங்கள், உண்மைக் கேஸ் மாதிரியே நுழைந்திருந்தால், அவர் எத்தனை மாதம் தாக்குப்பிடித்திருப்பார்?

இந்தக் கேள்வியைத்தான் ஹூஸ்டன் கடைசியில் கேட்டது. இரண்டு தடவை அடிபட்ட பிறகு, 2012-இல் நகர சபை ஆய்வகத்தைப் போலீசிடமிருந்து பிரிக்க முடிவெடுத்து ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. ஹூஸ்டன் தடயவியல் அறிவியல் மையம் என்று பெயர். மேயர் நியமிக்கிற இயக்குநர் குழு, கம்பெனி போர்டு மாதிரி. 2014 ஏப்ரலில் போலீசின் ஆய்வகத்தை அது எடுத்துக்கொண்டது. 2015-இல் பீட்டர் ஸ்டவுட் என்ற நச்சியல் நிபுணர் அங்கே வந்து சேர்ந்தார். முன்னாள் கடற்படை அதிகாரி. பிற்பாடு மையத்தின் தலைவரும் ஆனார். அவர் கொண்டுவந்ததுதான் போலிக் கேஸ் திட்டம்.

போலிக் கேஸ் என்றால் என்ன? தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒரு கேஸை ஜோடிக்கும். ஆல்கஹால் அளவு முன்பே துல்லியமாகத் தெரிந்த ரத்தக் குழாயை எடுத்துக்கொள்ளும். போலீஸ்காரர் அனுப்புகிற அதே பெட்டி, அதே சீல், அதே படிவம், கேஸ் நம்பர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஏதோ ஒருவனின் ரத்தம் மாதிரி அது வரிசையில் போய் நிற்கும். சோதிக்கிறவருக்குத் தெரியாது. டெக்ஸாஸில் 0.08-தான் சட்ட எல்லை. அவர் எழுதுகிற எண் சரியா என்று அறிக்கை வெளியே வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கேட்க சுலபமாக இருக்கிறது. செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். எல்லாப் படிவத்திலும் ஒரே கையெழுத்து இருந்தால் மூன்றாவது கேஸிலேயே பிடித்துவிடுவார்கள். பெட்டி புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகம் வரும். போலீசின் ஒத்துழைப்பு வேண்டும். சோதிக்கிறவர் சந்தேகம் கேட்க நேராக இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் போலீசுக்கும் சோதிக்கிறவர்களுக்கும் நடுவில், கேஸ்களை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரு தனிப் பிரிவு. நம்ம பாஷையில் சொன்னால், கேஷியரும் லெட்ஜர் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் கொசுறாக இன்னொரு லாபம். "இவன்தான் சார் ஆளு, ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று போலீஸ்காரர் காதில் ஓதுவது நிபுணர் வரைக்கும் போகாது.

இன்னொரு குசும்பும் செய்தார்கள். இது போலிக் கேஸ் என்று யாராவது சரியாகக் கண்டுபிடித்தால் காபிக் கடைப் பரிசு அட்டை. தப்பாகச் சொன்னால் ஒரு டாலர் அபராதம். ஜோடிப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஊழியர்களே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள் பாருங்கள். இவ்வளவு மலிவான கன்சல்டன்ஸி எங்கேயும் கிடைக்காது :-)

2015 முதல் 2018 வரை ஆறு பிரிவுகளில் 973 போலி மாதிரிகளை உள்ளே விட்டதாகவும், அவற்றில் 901 முடிந்ததாகவும், 51-ஐ மட்டுமே ஊழியர்கள் கண்டுபிடித்ததாகவும் அவர்களே 2020-இல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். நூற்றுக்கு ஐந்தாறுதான் மாட்டியிருக்கிறது. இதன் பலன் அந்த 901-இல் இல்லை. மேசையில் இருக்கிற எந்தக் கேஸும் போலியாக இருக்கலாம் என்று ஆகிவிட்டால், சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திறக்கிற ஏழை மனிதனின் பொட்டலத்துக்கும் தேர்வுத் தாளுக்குக் கிடைக்கிற அதே கவனம் கிடைக்கும். இதை எந்த மெஷின் வாங்கியும் கொண்டுவர முடியாது.

தவிர, வெளியிலிருந்து வரும் தேர்வுப் பொட்டலம் மேசையில் நடப்பதை மட்டும்தான் சோதிக்கும். போலிக் கேஸோ வாசலில் பெட்டியை வாங்குகிறவர், பார்கோடு ஒட்டுகிறவர், குளிர்பெட்டி, அறிக்கை டைப் செய்கிறவர் என்று எல்லோரையும் கடந்து வெளியே வர வேண்டும். தப்புகள் நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரி சந்துகளில்தானே?

தனி அமைப்பாக ஆக்கிவிட்டாலே போதும் என்று சொல்கிறவர்களுக்கு வாஷிங்டன் நகரத்தைக் காட்ட வேண்டும். ஆய்வகங்களைப் போலீசின் பிடியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2009-இல் சொன்னது. வாஷிங்டன் அதன்படியே 2012-இல் தனித் துறையை உண்டாக்கியது. கட்டடம் பளபள. 2015-இல் டி.என்.ஏ. வேலையை நிறுத்தச் சொல்லித் தணிக்கைக்காரர்கள் உத்தரவு. பிறகு இரண்டு கொலை வழக்குகளில் கிடைத்த தோட்டா உறைகள் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று ஆய்வகம் சொன்னதை, அரசு வழக்கறிஞர்கள் வெளியிலிருந்து அழைத்த நிபுணர்கள் மறுத்தார்கள். நிர்வாகம் தப்பை ஒப்புக்கொள்ளாமல் மூடி மறைக்கப் பார்த்ததாகக் குற்றச்சாட்டு. 2021-இல் அங்கீகாரமே போய்விட்டது. போலீஸ் கையில் இல்லை, பணம் இருந்தது, சான்றிதழும் இருந்தது. ஆனால் தங்கள் தப்பைத் தாங்களே முதலில் கண்டுபிடித்து வெளியே சொல்கிற பழக்கம் மட்டும் இல்லை.

இனி வழக்கமான எதிர்ப்புகள்.

"ஏற்கனவே கேஸ் தேங்கிக் கிடக்கிறது, இதில் போலிக் கேஸ் வேறா?" காஸ்ட் அக்கவுண்டிங்கில் தரத்துக்கான செலவை நாலாகப் பிரிப்பார்கள். தப்பு வராமல் தடுக்க ஆகிற செலவு, சோதித்துப் பார்க்க ஆகிற செலவு, தப்பு வாசல் தாண்டுவதற்குள் பிடித்தால் ஆகிற செலவு, தாண்டிய பிறகு ஆகிற செலவு. நாலாவதுதான் ஆளை முழுங்கும். ஹூஸ்டனுக்கு அது 50 லட்சம் டாலர் விசாரணை. மாசசூசெட்ஸுக்கு 21,000 வழக்குகள். சட்டனுக்கு 16 வயதிலிருந்து நாலரை வருடம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

"நேர்மையான ஊழியர்களை அவமானப்படுத்துகிறீர்கள்." பேங்க் கேஷியர்களைக் கேட்டுப்பாருங்கள். திடீர் சோதனை நேர்மையானவனுக்குத்தான் முதல் பாதுகாப்பு. பாஸ்டனில் ஒழுங்காக வேலை செய்த மற்றவர்கள் "நீ ஏன் அவ்வளவு முடிக்கவில்லை" என்ற கேள்வியை எத்தனை வருடம் சுமந்திருப்பார்கள்!

"சின்ன ஆய்வகங்களால் முடியாது." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் இருக்கிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் கேஸ் ஜோடிக்க முடியாதுதான். பக்கத்து ஊர் ஆய்வகத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள். நீ எனக்கு அனுப்பு, நான் உனக்கு அனுப்புகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் அரசு ஊழியர்களுக்குப் போதைப்பொருள் சோதனை செய்கிற ஆய்வகங்களுக்கு 1988-இலேயே இப்படி மறைத்து மாதிரி அனுப்பும் விதி வந்துவிட்டது. ஒரு குமாஸ்தாவின் வேலை போகுமா என்று தீர்மானிக்கிற சிறுநீர்க் குப்பிக்குக் கிடைத்த மரியாதை, ஒருவன் உயிர் போகுமா என்று தீர்மானிக்கிற தோட்டாவுக்குக் கிடைக்கவில்லை.

ஹூஸ்டன் ஆட்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கிப் பிரிவின் போலிக் கேஸ்களில், விடை உறுதியாகத் தெரிந்த ஒப்பீடுகளிலேயே கணிசமானவற்றுக்கு "முடிவு சொல்ல முடியவில்லை" என்று நிபுணர்கள் எழுதியிருந்தார்கள். இது தப்பா, ஜாக்கிரதையா என்று பெரிய சண்டையே நடக்கிறது. ஆனால் சண்டை போட ஒரு எண் இருக்கிறது, அதை அவர்களே வெளியிட்டார்கள். 1993-இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியத்தை ஏற்கும்போது அந்த முறையின் பிழை விகிதத்தையும் பார்க்கலாம் என்றது. போலிக் கேஸ் இல்லாத ஆய்வகம் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லும்? "நாங்கள் தப்பே செய்வதில்லை யுவர் ஆனர்" என்றா?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலான நம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 176-ஆம் பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம். அதாவது ஆய்வகங்களுக்கு வருகிற பொட்டலங்கள் மளமளவென்று கூடப் போகின்றன. தடயவியல் கட்டமைப்புக்கென்று மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 2,254 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. புதிய வளாகங்கள், புதிய ஆய்வகங்கள். நல்லது, வரட்டும்.

அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவு, அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. நீதிமன்றம் நினைத்தால் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டால் காகிதம்தான் பேசும். அந்தக் காகிதத்தின் அடியில் எனக்கு ஒரு வரி வேண்டும்: இந்தப் பிரிவுக்குப் போன வருடம் இத்தனை போலிக் கேஸ்கள் அனுப்பப்பட்டன, இத்தனைக்குச் சரியான விடை வந்தது. 2,254 கோடியில் அந்த வரிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?